அடி இல்லாத டீ கிளாஸ்

மூட்டு வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பிடித்து மாமா எழுத்துக் கூட்டினார். "பைராக்ஸிகாம்... பீட்டா... சைக்ளோ..." அதற்கு மேல் ஓடவில்லை. என்னிடம் நீட்டிவிட்டார். கூமாப்பட்டி டீக்கடையில் காலைக் கூட்டம் வடிந்திருந்தது. ரீல்ஸ் பார்த்துவிட்டு பைக்கில் வந்த இளவட்டங்கள் இரண்டு பேர் பிளவக்கல் அணைக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சைக்ளோடெக்ஸ்ட்ரின், மாமா."

"புதுசா வந்த மருந்தா?"

"மருந்தே இல்ல. மருந்தைச் சுமக்கிற சாமான். ஒரு வகைச் சர்க்கரைன்னு வைங்களேன்."

"எனக்குச் சுகர் இருக்கிறது அந்த டாக்டருக்குத் தெரியும்ல?"

அந்தப் பயம் வேண்டாம். மாத்திரையில் இருப்பது கால் கிராம்கூடக் கிடையாது. அதுவும் நம் சிறுகுடலில் செரிக்காத சர்க்கரை. பெருங்குடல்வரை அப்படியே போய், அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு இரையாகும். ஆனால் மாமாவின் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. 20 மில்லிகிராம் பைராக்ஸிகாம் கொடுப்பதற்கு மாத்திரையில் சேரும் மொத்தக் கூட்டு 191.2 மில்லிகிராம். சுமையைவிடச் சுமக்கும் பொருள் எட்டு மடங்குக்கு மேல் கனம். எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

சைக்ளோடெக்ஸ்ட்ரின் பிறப்பது மாவுச்சத்தில். உருளைக்கிழங்கோ மக்காச்சோளமோ நம்ம ஊர் மரவள்ளியோ, எதிலிருந்து எடுத்த மாவானாலும் சரி. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் ஒன்றோடொன்று கோத்து, சுருள் சுருளாக நீளும் சங்கிலி. சில பாக்டீரியாக்களிடம் ஒரு நொதி இருக்கிறது. அது சுருளில் ஒரு சுற்றை வெட்டி, வெட்டிய தலையையும் வாலையும் சேர்த்து வளையமாக்கிவிடும். 1891இல் பிரான்சின் வில்லியர்ஸ் இந்தப் படிகத்தை முதலில் கண்டார். 1 கிலோ மாவில் அவருக்குக் கிடைத்தது சுமார் 3 கிராம். அடுத்து வியன்னாவில் ஷார்டிங்கர். கெட்டுப்போன உணவில் வளரும் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவர் 1903 முதல் 1911 வரை இதை விடாமல் துரத்தினார். ஆனால் இது வளையம் என்று வேதியியலாளர்களுக்குப் புரிய 1930கள் ஆனது. அதுவரை விளங்காத படிகமாகவே கிடந்தது.

வளையத்தில் ஆறு குளுக்கோஸ் இருந்தால் ஆல்பா, ஏழு என்றால் பீட்டா, எட்டு என்றால் காமா. மாமா குடித்து வைத்த டீ கிளாஸைக் கையில் எடுத்துக் காட்டினேன். இதே வடிவம்தான்: மேல்வாய் அகலம், கீழே குறுகல். அடியை மட்டும் தட்டி எடுத்துவிட வேண்டும். உள்வெளியின் அகலம் ஆல்பாவில் சுமார் அரை நானோமீட்டர், பீட்டாவில் 0.6, காமாவில் 0.8. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். இரண்டு விளிம்புகளிலும் ஹைட்ராக்ஸில் கூட்டங்கள் நிற்பதால் வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். உட்சுவருக்குத் தண்ணீர் அவ்வளவாகப் பிடிக்காது, எண்ணெய்ச் சுபாவம் உள்ள மூலக்கூறைத்தான் பிடிக்கும். அப்படி ஒன்று அளவுக்குப் பொருந்தி வந்தால், உள்ளே வேண்டாவெறுப்பாக இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பதற்கும் கிளாஸுக்கும் இடையில் ரசாயனப் பிணைப்பு கிடையாது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஓயாமல் நடக்கும். எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் இத்தனை பேர் உள்ளே, இத்தனை பேர் வெளியே என்ற சமநிலைதான் உண்டு. இனி வரப்போகும் கதை முழுக்க இந்தச் சமநிலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதைப் பற்றித்தான்.

"அளவுக்குப் பொருந்தினா போதுமா? அப்ப எதுக்குள்ளேர்ந்தும் எதை வேணும்னாலும் உருவலாமே?"

உருவியிருக்கிறார்கள். கொலஸ்டிரால் பீட்டாவின் வாய்க்குப் பொருந்தும். பாலிலும் கிரீமிலும் பீட்டாவைக் கலந்து சுழற்றிப் பிரித்தால் கொலஸ்டிராலில் 90 சதவீதத்துக்கு மேல் கழன்று வந்துவிடுகிறது. கொரிய ஆய்வாளர்கள் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். பாலின் கொழுப்பு உருவத்தில் பெரிது, உள்ளே நுழையாமல் பாலிலேயே தங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொலஸ்டிரால் நீக்கிய பாலில் அதைக் கிண்டலாமா என்று கேட்டால், கிண்டலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. பால்கோவாவைக் கால் கிலோவுக்குப் பதில் ஐம்பது கிராம் சாப்பிடுவது அதைவிட எளிய வைத்தியம்.

மாத்திரைக்கு வருவோம். பைராக்ஸிகாம் தண்ணீரில் லேசில் கரையாத மருந்து. கரையாதது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகாது. வளையத்துக்குள் ஏறிவிட்டாலோ வெளியே தெரிவது சர்க்கரையின் முகம். சட்டென்று கரைகிறது. கரைந்த பிறகு வயிற்று நீர் அதை மேலும் மேலும் நீர்க்கச் செய்கிறது. நீர்க்க நீர்க்கச் சமநிலை வெளியேறும் பக்கம் சாயும். மருந்து கண் மூடித் திறப்பதற்குள் விடுபட்டுவிடும். ஆக, அட்டையில் இருக்கும் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் மருந்தை மெதுவாக விடுவதற்காக வைத்ததல்ல, வேகமாகக் கரைப்பதற்காக வைத்தது. கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் 'கட்டுப்படுத்திய விடுவிப்பு' என்று இந்த வளையத்தின் கழுத்தில் மாலை போடுவார்கள். வெறும் வளையத்துக்கு அந்த மாலை பொருந்தாது.

"அப்ப வலி நிக்கலைன்னா சாயங்காலம் இன்னொண்ணு போட்டுக்கலாமா?"

கூடவே கூடாது. வேகம் உள்ளே போவதில் மட்டும்தான். பைராக்ஸிகாம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 50 மணி நேரம் ஆகும். அதனால்தான் நாளுக்கு ஒன்றுக்கு மேல் கொடுப்பதில்லை. வயிற்றுப் புண்ணுக்கு இழுத்துவிடும் குணமும் இந்த மருந்துக்கு உண்டு. 2007இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் திடீர் வலிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, பயன்பாட்டைச் சுருக்கினார்கள். முன்பு அல்சர் இருந்ததா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது டீ வந்தது. மாமாவுக்குச் சீனி இல்லாமல்.

பீட்டா மலிவானது. ஏராளமான மருந்துகள் அதன் அளவுக்குப் பொருந்துகின்றன. ஆனால் ஒரு குறை: 100 மில்லி தண்ணீரில் 1.85 கிராம்தான் கரையும். ஆல்பா 14.5 கிராம், காமா 23.2 கிராம் கரையும்போது நடுவில் இருக்கும் பீட்டா மட்டும் ஏன் இப்படி? அதன் அகல விளிம்பில் பக்கத்துப் பக்கத்துக் குளுக்கோஸ்களின் ஹைட்ராக்ஸில்கள் ஒன்றையொன்று கச்சிதமாகக் கைபிடித்துக்கொள்கின்றன. தண்ணீருக்குக் கொடுக்கக் கை மிச்சமில்லை. இதை ஊசியில் ஏற்றினால் சிறுநீரகத்தில் போய்ப் படிகமாகும், அதைச் சேதப்படுத்தும். வாய்வழி சரி, ஊசிக்கு ஆகாது.

அந்தக் கைகளைப் பிரித்துவிட்டால்? வழித்தோன்றல்கள் என்று வேதியியலில் சொல்லப்படுபவை இங்கேதான் தொடங்குகின்றன. விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஹைட்ராக்ஸிபுரோப்பில் கூட்டத்தைத் தொங்கவிட்டால் பிடி குலைந்து, 100 மில்லியில் 60 கிராம்கூடக் கரைகிறது. வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் விரும்பாத மெத்தில் கூட்டத்தை அளவாக ஒட்டினாலும் கரைதிறன் ஏறத்தான் செய்கிறது. இன்னொரு வழி, மின்சுமை உள்ள சல்போபியூட்டில் வால்களைக் கட்டுவது. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வாலன்டினோ ஸ்டெல்லாவின் குழு உருவாக்கியது இது. ஊசிக்கு ஒத்துக்கொள்ளும்.

அந்த வால் கட்டிய வளையத்தைப் பெயர் தெரியாமலே நம் ஊர்க்காரர்கள் தேடி அலைந்திருக்கிறார்கள். 2021 கொரோனா இரண்டாம் அலையில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரி பகலாக வரிசை நின்றதே, ரெம்டெசிவிர் ஊசிக்காக. தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்து அது. 100 மில்லிகிராம் பொடிக் குப்பி ஒன்றில் சல்போபியூட்டில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் 3 கிராம் இருந்தது, மருந்தைப் போல முப்பது மடங்கு. இந்த வளையம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஊசியைப் போட டாக்டர்கள் முதலில் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மருந்து எத்தனை உயிரைக் காத்தது என்பது வேறு விவாதம். வளையம் தன் வேலையைச் செய்தது.

"எல்லாமே அவசரமா கரைக்கிற கதையா இருக்கே. மெதுவா விடுறதுன்னு ஒண்ணு சொன்னியே?"

அதற்கு அதே விளிம்பில் எதிர்த் திசையில் வேலை செய்ய வேண்டும். ஜப்பானில் குமாமோட்டோ பல்கலைக்கழகத்தின் கானெட்டோ உவெகாமாவும் அவருடைய குழுவினரும் இதில் பல ஆண்டுகள் உழைத்தார்கள். நான் விரும்பிப் படித்த பகுதியும் இதுதான்.

டில்டியாசெம் என்று ஒரு இதய மருந்து. பைராக்ஸிகாமுக்கு நேர் எதிர்ச் சுபாவம்: தண்ணீரில் தாராளமாகக் கரையும். கரைந்தவுடன் மொத்தமும் ரத்தத்தில் ஏறும், சில மணி நேரத்தில் இறங்கியும் விடும். ஒரே நாளில் பல வேளை விழுங்க வேண்டியிருக்கும். உவெகாமா குழு பீட்டாவின் விளிம்பில் எத்தில் கூட்டங்களை நிறைய ஏற்றியது. சேரச் சேர வளையமே தண்ணீரில் கரையாததாக மாறிவிட்டது. அதனோடு சேர்ந்த டில்டியாசெம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசிய முடிந்தது. அடுத்து பியூட்டிரில். வெண்ணெய் காறும்போது வரும் வாடைக்குக் காரணமான பியூட்டிரிக் அமிலத்தின் உறவு அது. பீட்டாவில் மொத்தம் 21 ஹைட்ராக்ஸில்கள். இருபத்தொன்றையும் பியூட்டிரிலால் மூடிவிட்டால் கிடைப்பது தண்ணீர் தொடப் பயப்படும் வளையம். கரையும் மருந்துகளை மணிக்கணக்கில் பிடித்து வைக்கிறது.

இடம் பார்த்து விடுவது இன்னும் நுட்பம். கார்பாக்ஸிமெத்தில், எத்தில் இரண்டையும் ஒரே வளையத்தில் ஏற்றினார்கள். இரைப்பையின் புளிப்பில் அது கரையாது. புளிப்பு குறைந்த குடலுக்கு வந்ததும் கார்பாக்ஸில் மின்சுமை பெற்றுக் கரைந்துவிடும். மருந்து இரைப்பையைத் தொடாமல் குடலில் இறங்கும். பெருங்குடலுக்கு மட்டும் மருந்து போக வேண்டுமென்றால் மருந்தை வளையத்தின் உள்ளே வைப்பதில்லை. வளையத்தோடு ரசாயனமாகவே பிணைத்துவிடுகிறார்கள். மாமாவின் சர்க்கரைக் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கே பயன்படுகிறது: ஆல்பாவையும் பீட்டாவையும் சிறுகுடல் செரிப்பதில்லை, பெருங்குடல் பாக்டீரியாதான் உடைக்கும். அது வளையத்தைத் தின்னும்போது மருந்து அவிழ்கிறது. காமாவை இதற்கு நம்ப முடியாது. நம் எச்சிலிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸே அதை உடைத்துவிடும்.

இவையெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலும் நிரூபித்தவை. மருந்துக்கடையில் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்தோடு வாங்கும் மாத்திரைகளில் மெதுவாக விடும் வேலையைப் பெரும்பாலும் வேறு பாலிமர்கள்தான் செய்கின்றன. (டாக்டரோ மருந்தாளுநரோ சொல்லாமல் அந்த மாத்திரைகளை உடைக்கவோ கடிக்கவோ வேண்டாம். பகல் முழுவதும் இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும்.) வளையத்தின் விளிம்பில் என்ன செய்ய முடியும் என்று பார்க்க ஜப்பான்வரை போக வேண்டியதும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சுமணியின் குழு, பீட்டாவின் குறுகிய விளிம்பில் ஏழு இடங்களிலும் அமினோ கூட்டத்தை ஏற்றி, அதை வினையூக்கியாகப் பயன்படுத்திக் காட்டியது.

மாமாவுக்கு மாந்தோப்பு உண்டு. பேச்சு அங்கே போகாமல் இருக்குமா? காய் பழமாவதற்கு எத்திலீன் என்ற வாயு காய்க்குள்ளேயே உண்டாகிறது. அந்த எத்திலீன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் வேறொரு வாயு முந்தி உட்கார்ந்துவிட்டால் பழுப்பது தள்ளிப்போகும். அந்த வாயுவின் சுருக்கப் பெயர் 1-எம்சிபி. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிஸ்லர், பிளாங்கன்ஷிப் இருவரும் கண்டுபிடித்து 1996இல் காப்புரிமை பெற்றார்கள். தொல்லை என்னவென்றால், அதைச் செறிவாகத் தேக்கி வைக்க முடியாது, நிலையில்லாத சரக்கு. ஆல்பா வளையத்துக்குள் ஏற்றினார்கள், வெறும் வெள்ளைப் பொடியாகி அமைதியாகிவிட்டது. அறையை மூடி, பொடியில் தண்ணீர் விட்டால் வாயு வெளியே வரும். வெளிநாட்டு ஆப்பிள் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. விடுவிப்பைக் கட்டுப்படுத்துவது என்றால் இதுதான்: நாம் சொல்லும்வரை காத்திருக்கிறது, சொன்னதும் விடுகிறது.

"நம்ம சப்பட்டை மாங்காய்க்கு ஆகுமா?"

மாம்பழத்தில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஆப்பிளில் கிடைத்த சீரான பலனை எல்லாப் பழத்திலும் எதிர்பார்க்கக் கூடாது. வாழையில் பதம் பார்க்காமல் போட்டால் நிறமே ஒழுங்காக ஏறாது. நம் பக்கத்தில் வேறு வழி பார்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கை ஆய்வு நிறுவனம் ஒன்றோடும் சேர்ந்து, ஹெக்ஸனால் என்ற பொருளை மாமரத்தில் தெளித்தும் காயை நனைத்தும் பழத்தின் ஆயுளை நீட்டிக் காட்டியது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். மாமா அந்த வேலை செய்கிறவர் இல்லை.

அவர் வேறு வேலை செய்தவர். இளவயதில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டியிருக்கிறார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊர்த் தறிகளில் நெய்கிற காஸ் துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. எனக்கு இந்த வளையம் நம் வட்டாரத்துக்குப் பொருந்தும் என்று தோன்றுவது மாத்திரையில் அல்ல, அந்தத் துணியில்.

பருத்திக்குச் சாயம் போடும் முறையில் 1956இல் ஒரு திருப்பம் வந்தது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் ரியாக்டிவ் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை இழைமேல் ஒண்டியிருந்த சாயம், அன்றிலிருந்து இழையோடு ரசாயனமாகவே பிணைந்தது. பிணைத்துக் கொடுப்பது டிரயசின் என்ற வளையத்தில் உள்ள குளோரின். காரம் சேர்த்துச் சூடாக்கினால் குளோரின் கழன்று அந்த இடத்தில் பருத்தி ஒட்டிக்கொள்ளும். இதே டிரயசினை பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினின் விளிம்பில் கட்டிவிட்டார்கள். பட்டறையில் புதிய இயந்திரம் தேவையில்லை. சாயம் ஏற்றும் அதே சூடு, அதே காரம். நிறத்துக்குப் பதிலாக வளையங்கள் துணியில் நிரந்தரமாக நின்றுவிடும், உள்வெளி காலியாக.

காலி இடத்தில் புதினா மெந்தாலோ, கற்பூரமோ, கொசு விரட்டும் எண்ணெயோ, கிருமிநாசினியோ ஏற்றலாம். துணி உலர்ந்திருக்கும்வரை அது ஆவியாகாமல் கிடக்கும். வியர்வையோ புண்ணின் ஈரமோ பட்டதும் சமநிலை சாய்ந்து சிறிது சிறிதாக வெளியே வரும். துவைத்தால் உள்ளே இருந்தது போகும், வளையம் போகாது. திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்தில் வளையங்கள் நெருங்கி நிற்பதால் இன்னொரு லாபம்: ஒன்றிலிருந்து நழுவிய மூலக்கூறை அடுத்தது பிடித்துக்கொள்கிறது. துணியைத் தாண்டி வெளியேற அது பல கைகள் மாற வேண்டும். தனி வளையத்தால் முடியாத தாமதத்தைக் கூட்டமாக நிற்கும் வளையங்கள் தருகின்றன.

கணக்கையும் மறைக்கக் கூடாது. பைராக்ஸிகாமில் பார்த்தோமே, சுமக்கும் பொருள் கனம், சுமை சிறிது. துணியிலும் அப்படித்தான். சிறிய அளவிலேயே வேலை செய்யும் பொருளுக்குத்தான் இது உதவும். மருந்து ஏற்றிய காஸ் வெறும் காஸ் அல்ல. மருந்துச் சட்டத்துக்குள் வரும், உரிமமும் சோதனையும் கேட்கும். மாமா இதைக் கேட்டதும் சொன்னது: "மீட்டருக்குப் பைசாக் கணக்குல நிக்கிற தொழிலு மாப்ள. யாரு முதல்ல காசு போடுவா?" நியாயமான கேள்வி. தறிக்காரர் தலையில் அதைக் கட்ட முடியாது. படிக்கிறவர்கள்தான் முதல் அடி வைக்க வேண்டும்.

கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் கிருஷ்ணன்கோவிலில் 1984 முதல் கலசலிங்கம் கல்லூரி, இப்போது பல்கலைக்கழகம், இருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: சத்திரப்பட்டித் தறி ஒன்றில் பத்து மீட்டர் காஸ் கேட்டு வாங்குங்கள். டிரயசின் வகை விலை கூடுதல் என்றால் பீட்டாவையும் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்து நனைத்து, அடுப்பில் உயர் சூட்டில் பதப்படுத்தும் முறை இருக்கிறது. ஆய்வகத்திலேயே செய்யலாம். ஐந்து முறை, பத்து முறை துவைத்த பிறகு வளையம் துணியில் நிற்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். காரத்தில் இளஞ்சிவப்பாக நிற்கும் பினாப்தலீன் கரைசல் போதும். பீட்டா வளையம் பினாப்தலீனை உள்ளே இழுத்துக்கொண்டால் அந்த நிறம் போய்விடும். துணியைக் கரைசலில் போடுங்கள். நிறம் மங்கினால் வளையம் நிற்கிறது. மங்காவிட்டால் கழுவிக்கொண்டு போய்விட்டது, முறையை மாற்றுங்கள். இரண்டில் எது வந்தாலும் அந்த முடிவைத் தறிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.